மூன்று நாள் தண்ணீர்

தஞ்சாவூர்
13.8.2024

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். எதையும் வரிசை போட்டுக்கொண்டால்தான் எனக்கு எழுத வரும். இந்தக் கடிதத்தில் இருப்பவை:

1. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு
2. ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் நான் பார்த்தது
3. உங்கள் ஊர் வடிகால் தண்ணீரைப் பற்றி எனக்குத் தெரிந்தது
4. அதில் பிடித்ததைப் பயமில்லாமல் சாப்பிடும் முறை
5. ஒரு வேண்டுகோள்

முதலாவது. நேற்று மாலை இரண்டு முறை உங்களுக்குப் போன் போட்டு, மணி அடிக்கும் முன்பே நிறுத்திவிட்டேன். நீங்கள் எடுத்தால் முதலில் நலம் விசாரிப்பேன். பிறகு நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறு எதையாவது சொல்லி வைப்பேன். மன்னிக்கவும்.

இரண்டாவது. அன்று நீங்கள் வடிகால் மதகு ஷட்டரில் தூண்டில் போட்டு மடவை மீனும், வலை வைத்து நாலு நண்டும் கொண்டுவந்தீர்கள். மங்களாம்பிகை அம்மா நண்டு ஓட்டைப் பிளந்து, உள்ளே இருந்த மஞ்சளைக் கரண்டியால் வழித்து, என் மகள் வானதியின் சோற்றில் வைத்தார்கள். மீன் தலையும் அவளுக்குத்தான். "வயித்துல இருக்கறதுக்கும் சேத்துச் சாப்பிடும்மா" என்றார்கள். வானதியின் அம்மா உயிரோடு இருந்திருந்தால் அவளும் இதைத்தான் செய்திருப்பாள். எனக்குக் கண் கலங்கியது. அதே நேரத்தில் பயமும் வந்தது. நான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தது அதனால்தான். காரம் அதிகம் என்று நான் சொன்னது பொய்.

மூன்றாவது. வரும் வழியில் ஆட்டோவிலிருந்து பார்த்தேன். ஷட்டருக்கு மேற்கே, கூப்பிடு தூரத்தில், பழைய பேட்டரிகளை உடைக்கும் கொட்டகை ஒன்று இருக்கிறது. அதன் பின்பக்கத்திலிருந்து கறுப்புத் தண்ணீர் வடிகாலில் இறங்குகிறது. ஊர்ச் சாக்கடையும் அங்கேதான் சேருகிறது. பேட்டரிக்குள் இருப்பது காரீயம். அது சேற்றில் தங்கும். நண்டு சேற்றில் வாழ்வது. தின்றது அதன் மஞ்சளில் சேரும். மீனுக்குக் குடலிலும் தலையிலும் முள்ளிலும். வாடை தெரியாது, ருசி மாறாது, எவ்வளவு கொதித்தாலும் போகாது. தாயின் ரத்தம் வழியாகப் பிள்ளைக்குப் போகும். பிள்ளையின் மூளை வளரும் காலம் இது. மண் பரிசோதனை நிலையத்தில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவன் என்றாலும், உங்கள் வடிகாலை நான் பரிசோதித்ததில்லை. நான் பயப்படுவதில் பாதி வீணாகத்தான் போயிருக்கிறது. இதுவும் அப்படி இருக்கலாம்.

நான்காவதைத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன், சமையலறைக்கு எடுத்துப்போக வசதியாக:

அ) கையகல மீன் போதும். பெரிய மீன் வேண்டாம்.
ஆ) தலை, குடல், தோல் மூன்றையும் நீக்கிவிடவும்.
இ) நண்டின் மஞ்சளை யாரும் சாப்பிட வேண்டாம்.
ஈ) வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிடவும்.
உ) வாரத்தில் ஒரு நாளுக்கு மேல் வேண்டாம்.
ஊ) பிடித்ததை உயிரோடு மூன்று நாள் நல்ல தண்ணீரில் விட்டுவைத்துப் பிறகு சமைத்தால் பயமில்லை.

ஐந்தாவது. வானதியிடம் இதைச் சொல்ல வேண்டாம். போன வருஷம் மூன்றாம் மாதத்தில் கலைந்தபோது அவள் இருந்த இருப்பு உங்களுக்கும் தெரியும். இந்த முறை நாலு மாதம் முடிந்திருக்கிறது. மனசு கலங்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் டாக்டர். எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான்.

உங்களைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம்.

அன்புடன்,
ராஜராஜன்


சீர்காழி
19.8.2024

சம்பந்திக்கு வைரக்கண்ணு எழுதுவது.

தபால்காரர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் கோர்ட் நோட்டீஸோ என்று மங்களம் பயந்துவிட்டாள். நான் படித்துக் காட்டிய பிறகு, நோட்டீஸே தேவலை என்றாள்.

பேரு ராஜராஜன், பயப்படறது நண்டுக்கு. சிரிக்கத்தான் சொல்கிறேன், இதற்கும் ஒரு கடிதம் எழுதிவிடாதீர்கள்.

கண்டக்டராக இருந்த காலம் முழுக்க வார ஓய்வு நாளில் அந்த ஷட்டரில்தான் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் தமிழ்மாறன் அந்த மீனைத் தின்று வளர்ந்தவன்தான். கணக்கில் நூறு வாங்கினான், சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் சூப்பர்வைசராக இருக்கிறான். மூளைக்கு என்ன குறை கண்டீர்கள்? குறை இருந்தால் பெண் கொடுத்திருக்க மாட்டீர்களே.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். மூன்று மாதம் உங்கள் மகளுக்குச் சோறு வெந்த வாடையே ஆகவில்லை. தண்ணீர் குடித்தாலும் வாந்தி. கன்னம் ஒட்டி, வளையல் முழங்கைவரை ஏறியது. போன தடவை மாதிரி ஆகிவிடுமோ என்று மங்களம் தினமும் ராத்திரி எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வருவாள். முதல்முதலாக வயிற்றில் நின்றது நான் பிடித்த மடவைக் குழம்பு. இரண்டு கவளம் தின்றுவிட்டு, "இன்னும் கொஞ்சம் இருக்கா அத்தை?" என்று கேட்டாள். மங்களம் பின்பக்கம் போய் அழுதாள். அந்த மீனைத்தான் நீங்கள் விஷம் என்கிறீர்கள்.

ஆனாலும் படித்தவர் சொன்னதைத் தள்ள மனசு வரவில்லை. நாலாம் நம்பர் தாளை மங்களத்திடம் கொடுத்துவிட்டேன். மூன்று நாள் நல்ல தண்ணீரில் விடுவது எங்களுக்கும் தெரிந்ததுதான், விராலுக்குச் சேற்று வாடை போக அப்படித்தான் செய்வோம். "தஞ்சாவூர் அண்ணன் சொல்றதுல அது ஒண்ணு நியாயம்" என்றாள் மங்களம். வானதியிடம் எதுவும் சொல்லவில்லை.

வைரக்கண்ணு


தஞ்சாவூர்
26.8.2024

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கண்டேன். வளையல் முழங்கைவரை ஏறியது எனக்குத் தெரியாது. போனில் கேட்கும்போதெல்லாம் "நல்லா இருக்கேன்ப்பா" என்றுதான் சொன்னாள். மங்களாம்பிகை அம்மாவுக்கு நான் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

தாளில் உள்ள ஆறையும் விடாமல் பின்பற்றும்படி கேட்டுக்கொள்கிறேன். ஒன்றைச் செய்து மற்றதை விட்டால் பயனில்லை. கடைசியாக எழுதியதைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை சேர்க்க நினைத்தேன். யோசித்துவிட்டுப் பிறகு எழுதுகிறேன்.

புரட்டாசி வருகிறது. உங்கள் வீட்டில் மாதம் முழுவதும் விரதமா, சனிக்கிழமைகளில் மட்டுமா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

அன்புடன்,
ராஜராஜன்


சீர்காழி
12.9.2024

ராஜராஜன் அவர்களுக்கு,

சனிக்கிழமை மட்டும்தான் விரதம். கேட்டதற்குப் பதில் சொல்லியாகிவிட்டது. இனி நான் கேட்கிறேன்.

செவ்வாய்க்கிழமை எங்கள் ஊருக்கு எதற்கு வந்தீர்கள்?

பஸ் ஸ்டாண்டில் பூக்கடை வைத்திருக்கும் மாலதி பார்த்திருக்கிறாள். டீக்கடையில் பார்த்திருக்கிறார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஷட்டர் படியில் இறங்கி, புட்டியில் சேறு அள்ளினீர்களாம். என் வீட்டு மாடியில் நின்றால் அந்தப் படி தெரியும். "உங்க சம்பந்தி வந்தாரே, சாப்பிட்டுட்டுப் போனாரா?" என்று டீக்கடையில் கேட்கிறான். என்ன சொல்ல? வந்தார், சாப்பிட்டார் என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன்.

மகளைக் கட்டிக்கொடுத்த ஊர். வாசல் மிதிக்காமல், ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டீர்கள். பகையாளிகூட அப்படிப் போக மாட்டான். வானதிக்கு விஷயம் தெரிந்து, "மாமா, அப்பா ஏன் வீட்டுக்கு வரலை, என் மேல கோவமா?" என்று கேட்டாள். உங்களுக்கு அவள் மனசு கலங்கக் கூடாது, இல்லையா?

ஐப்பசியில் வளைகாப்பு. மண்டபம் சொல்லியாகிவிட்டது. பத்திரிகை முறைப்படி வரும், முறைப்படி வந்து போங்கள். அதுவரை எனக்குக் கடிதமும் வேண்டாம், போனும் வேண்டாம்.

வைரக்கண்ணு


தஞ்சாவூர்
17.9.2024

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

கடிதம் வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். அதை மீறுவதற்கு எனக்கு மூன்று நாள் ஆனது.

நான் வந்தது உண்மை. சேறு அள்ளியதும் உண்மை. படியேறி உங்கள் தெரு முனைவரை வந்தேன். மாடிக் கொடியில் வானதியின் பச்சைப் புடவை காய்ந்துகொண்டிருந்தது. மீன் வறுக்கும் வாசனை வந்தது, உங்கள் வீட்டிலிருந்தா பக்கத்து வீட்டிலிருந்தா என்று தெரியவில்லை. என் பையில் அந்தப் புட்டி இருந்தது. உள்ளே வந்தால் சாப்பிடச் சொல்வீர்கள். சாப்பிட மாட்டேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. சாப்பிடவும் தைரியம் இல்லை. அவள் சாப்பிடுவதை உட்கார்ந்து பார்க்க அதைவிடத் தைரியம் இல்லை. ஒரு வேப்பமரத்தடியில் கால் மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். அவமரியாதை செய்ய வேண்டும் என்று நினைக்கவே இல்லை. ஆனால் செய்துவிட்டேன் என்று உங்கள் கடிதம் வந்த பிறகு புரிந்தது.

என்னோடு வேலை பார்த்த ஜாஃபர் சாதிக் இப்போது ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறார். சேற்றை அவரிடம் கொடுத்தேன். நேற்றுச் சொன்னார்: வயல் மண்ணில் இருப்பதைப்போலப் பல மடங்கு காரீயம். "எந்த ஊர் சார் இது, பட்டறைக்குள்ளயே அள்ளிட்டு வந்தீங்களா?" என்று கேட்டார். நான் புட்டியைச் சரியாகக் கழுவினேனா என்று இரவு முழுவதும் யோசித்தேன். கழுவினேன் என்றுதான் நினைக்கிறேன்.

சேற்றில் இருப்பது மீனுக்குள் எவ்வளவு போகிறது என்பது மீனைப் பரிசோதித்தால்தான் தெரியும். ஒரே ஒரு நண்டு கிடைத்தால் போதும். கேட்க எனக்கு உரிமை இல்லை. அனுப்பாவிட்டாலும், தாளில் எழுதியதைக் கைவிட வேண்டாம்.

வானதியிடம், அப்பாவுக்குக் கோபம் இல்லை என்று சொல்லுங்கள்.

ராஜராஜன்


சீர்காழி
28.10.2024

சம்பந்திக்கு,

வளைகாப்பு நல்லபடியாக நடந்தது. நீங்கள் வந்ததில் சந்தோஷம். மண்டபத்தில் ஒரு ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தீர்கள். நான் இரண்டு தடவை பக்கத்தில் வந்தேன், இரண்டு தடவையும் எழுந்து நின்றுவிட்டீர்கள். எழுந்து நிற்கிற மனுஷனிடம் என்ன சண்டை போடுவது? கோபம் அன்றோடு போயிற்று.

வானதி எப்படித் தேறியிருக்கிறாள் பார்த்தீர்களா? கண்ணாடி வளையல் கைக்குப் பத்தவில்லை, பெரிய சைஸ் வாங்கி வரச் சொல்லி ஆள் ஓடியது. அதில் உங்களுக்கும் பங்கு உண்டு. ஏன் என்று சொல்கிறேன்.

ஆகஸ்ட் கடைசியில் கொல்லைப்புறத்தில் நானே செங்கல் வைத்து, சிமெண்ட் பூசி ஒரு தொட்டி கட்டினேன். போர்த் தண்ணீர். காலை, மதியம், மாலை என்று மூன்று வேளை தண்ணீர் மாற்றுகிறேன். இடுப்பு விட்டுப்போகிறது, ஆனாலும் ஒரு வேளை தவறியதில்லை. பிடித்த தேதியைச் சுவரில் கரிக்கட்டியால் எழுதிவைப்பேன். மூன்று நாள் ஆகாமல் ஒரு நண்டையும் மங்களத்திடம் கொடுப்பதில்லை. மடவை கரைக்கு வந்ததும் செத்துவிடும், தொட்டியில் நிற்காது. அதனால் அதை விட்டுவிட்டேன். இப்போது நண்டும் கெளுத்தியும்தான்.

உங்கள் தாளை மங்களம் அடுப்புக்கு மேலே சுவரில் ஒட்டிவைத்திருக்கிறாள். போன மாதம் வானதி அதைப் படித்துவிட்டாள். நாங்கள் பயந்துபோனோம். அவளோ சிரித்தாள். "அப்பாவே பயமில்லைன்னு எழுதிட்டாரா? அவரு தண்ணியைக்கூடச் சூடு பண்ணி வடிகட்டித்தான் குடிப்பாரு. அவரு சொன்னா கேள்வியே இல்லை" என்றாள். மடவையைக் கேட்டுச் சாப்பிட்டவள், வடிகால் நண்டு என்றால் முதலில் கொஞ்சம் தயங்கித் தயங்கித்தான் சாப்பிடுவாள். இப்போது வாரம் மூன்று நாள் கேட்டுச் சாப்பிடுகிறாள். மஞ்சளை எறியத்தான் மங்களத்துக்கு மனசு வரவில்லை. தொட்டியில் கிடந்து சுத்தமான நண்டுதானே, அதை ஏன் எறியணும் என்கிறாள். அது நியாயம்தானே?

நீங்கள் ஒரு நண்டு கேட்டிருந்தீர்கள். இரண்டாக அனுப்புகிறேன். காலில் சிவப்பு நூல் கட்டியது இன்று காலை வடிகாலில் பிடித்தது. நூல் இல்லாதது தொட்டியில் மூன்று நாள் முழுசாகக் கிடந்தது. ஐஸ் பெட்டியில் இந்தக் கடிதத்தோடு மதிய வண்டியில் வருகிறது. கண்டக்டர் அறிவுச்செல்வன் என்னிடம் வேலை பழகியவன், தஞ்சாவூரில் உங்கள் கையில்தான் கொடுப்பான். இரண்டையும் பரிசோதித்துப் பாருங்கள். உங்கள் வைத்தியம் எப்படி வேலை செய்திருக்கிறது என்று நீங்களே தெரிந்துகொண்டால், உங்களுக்கும் ராத்திரி தூக்கம் வரும்.

வைரக்கண்ணு


தஞ்சாவூர்
8.11.2024

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

இந்தக் கடிதத்துக்கு வரிசை போட முயன்றேன். முடியவில்லை.

பெட்டியை வாங்கிய அன்று உங்கள் கடிதத்தைப் பஸ் நிலையத்திலேயே நின்று படித்தேன். வாரம் மூன்று நாள் என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அறிவுச்செல்வன், "உடம்புக்கு என்ன சார்?" என்று கேட்டுச் சோடா வாங்கிக் கொடுத்தார். நல்ல மனிதர். முடிவு வரட்டும் என்று காத்திருந்தேன். காத்திருந்த பத்து நாளும் அவள் சாப்பிட்டிருப்பாள். அன்றே உங்களைக் கூப்பிட்டிருக்க வேண்டும். ஒருவேளை தண்ணீர் வேலை செய்திருக்கலாம், நான் வீணாகப் பயப்படலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதுவரை என் பயத்தைத்தான் சந்தேகப்பட்டு வந்தேன். அந்தப் பத்து நாள் அந்தச் சந்தேகம் எனக்கு வசதியாக இருந்தது.

நேற்று மாலை ஜாஃபர் சாதிக் வீட்டுக்கே வந்து முடிவுத் தாள்கள் இரண்டையும் கொடுத்தார். சிவப்பு நூல் நண்டின் சதையில் காரீயம் இருக்கிறது; மஞ்சளில் அதைப்போலப் பல மடங்கு இருக்கிறது. நூல் இல்லாத நண்டிலும் அதே அளவுதான். சதையிலும் அதே, மஞ்சளிலும் அதே. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எந்த நண்டு என்று சொல்ல முடியாது. நீங்கள் மூன்று வேளை தண்ணீர் மாற்றியதில் ஒரு குறையும் இல்லை. நல்ல தண்ணீரில் விட்டால் சேறு போகும், வாடை போகும். உடம்புக்குள் ஏறிய காரீயம் போகாது. மூன்று மாதம் விட்டாலும் பெரிதாக மாறாது.

இன்று காலை வானதிக்குப் போன் போட்டேன். மணி அடிக்கும் முன் நிறுத்தவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பேட்டரிக் கொட்டகை, சேறு, இரண்டு நண்டு, எல்லாம். அவள் கேட்டது ஒன்றுதான்: "அப்ப ஏன்ப்பா பயமில்லைன்னு எழுதுனீங்க?"

நேரில் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். உங்களுக்குச் சொல்கிறேன். நீங்களே அவளிடம் சொல்லலாம்.

ஆகஸ்டில் அந்தத் தாளை எழுதியபோது முதலில் ஐந்துதான் எழுதினேன். படித்துப் பார்த்தால் ஐந்தும் வேண்டாம், வேண்டாம் என்றே இருந்தன. நீங்கள் ஆசையாகப் பிடித்து வருவதையும் மங்களாம்பிகை அம்மா ஆசையாக ஊட்டுவதையும் ஒட்டுமொத்தமாகத் தட்டிவிடுவதுபோல் இருந்தது. தாயில்லாப் பெண்ணை வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்கள் நீங்கள். உங்களுக்குக் கோபம் வந்தால் அது அவள் தலையில் விடியுமோ என்று பயந்தேன். இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது. நீங்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை. ஏதாவது ஒன்றையாவது செய்யலாம் என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. விராலுக்குச் செய்வார்களே என்று ஞாபகம் வந்தது. ஆறாவதாகச் சேர்த்தேன். அதைச் சேர்த்த பிறகுதான் கடிதத்தை ஒட்ட எனக்குத் தைரியம் வந்தது. அந்த ஒரு வரி மற்ற ஐந்தையும் தின்றுவிட்டது. மடவையை நிறுத்திவிட்டு நண்டுக்கு மாறினீர்கள். மஞ்சளை எறியாமல் வைத்தார்கள். தயங்கிக்கொண்டிருந்தவள் தயக்கத்தை விட்டாள். யாரும் நான் சொன்னதை மீறவில்லை. நான் சொன்னபடிதான் நடந்திருக்கிறது.

ரத்தப் பரிசோதனைக்கு டாக்டரிடம் பேசிவிட்டேன். திங்கட்கிழமை வானதியைத் தஞ்சாவூருக்கு அழைத்து வர அனுமதி வேண்டும். இனி அந்த வடிகாலிலிருந்து ஒரு துண்டுகூட அவளுக்கு வேண்டாம் என்றார் டாக்டர். சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து மாத்திரைகளை விடாமல் கொடுக்கச் சொன்னார். பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருக்குமா என்று கேட்டேன். "ரத்தம் பாத்தாத்தான் சொல்ல முடியும். பாத்தாலும் எல்லாத்தையும் சொல்லிட முடியாது" என்றார். தை மாதம்வரை நான் எப்படி இருப்பேன் என்று தெரியவில்லை. நீங்களும் மங்களாம்பிகை அம்மாவும்கூட அந்த நண்டைச் சாப்பிட வேண்டாம்.

தொட்டியை இடிக்க வேண்டாம். வேறு எதற்காவது ஆகும். அதற்காக உங்கள் இடுப்பு போனதற்கும் நான்தான் காரணம்.

இந்தக் கடிதத்தை அறிவுச்செல்வன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை முதல் வண்டியில் நானும் வருகிறேன். இந்த முறை வாசல்வரை வந்து, உள்ளேயும் வருவேன். நீங்கள் திட்டினால் நின்று கேட்டுக்கொள்வேன். அடுப்புக்கு மேலே ஒட்டியிருக்கும் தாளை மட்டும் நான் வரும்வரை கிழிக்க வேண்டாம். வானதியும் மங்களாம்பிகை அம்மாவும் பார்க்க, அதன் கடைசி வரியை என் கையாலேயே அடிக்க வேண்டும். நான்காவதில் ஊ என்று போட்டு நான் எழுதியது தவறு. தவறாக இருக்கலாம் என்று எழுதும்போதே எனக்குத் தெரியும்.

ராஜராஜன்